ஏழாம் எண்ணும் மேப் அக்காவின் மேசையும்

குடிநீர் அலுவலகத்தின் கொள்முதல் எழுத்தருக்கு 'மூணு கடை' என்று பெயர். குண்டூசி டப்பாவானாலும் மூன்று கடை ஏறி இறங்காமல் வாங்கமாட்டார். காகிதத்தை முகர்ந்து பார்ப்பார். நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, சந்தேகம் தீராமல் மறுபடி உட்காருவார். "இவரை நம்பி சீப்பு வாங்கப் போனா, வாங்கறதுக்குள்ள தலை நரைச்சிடும்" என்பது அவர் மனைவியின் கருத்து. அப்படிப்பட்ட மனிதர் தலையில்தான் புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் வேலை விழுந்தது.

வந்த அனுமதி ஒன்றே ஒன்றுக்குத்தான். தேவைப்பட்டதும் ஒரே ஒருவருக்குத்தான்: மேப் அக்கா.

ஊரில் எங்கே குழாய் உடைந்தாலும் முதல் போன் மேப் அக்காவுக்கு வரும். எந்த வால்வை மூடினால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பது அவர் கம்ப்யூட்டரில் இருக்கும் வரைபடத்துக்கு மட்டுமே தெரியும். அந்த வரைபடமோ திறப்பதற்குப் பதினோரு நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

"அக்கா, கணுக்கால் அளவு வந்துடுச்சு" என்பார் தெருவில் நிற்கும் ஃபிட்டர்.

"இருப்பா, பாதி ஊர் வந்துடுச்சு."

"அக்கா, முழங்கால்!"

"அந்தப் பாதியில உன் தெரு இல்லப்பா. நான் என்ன பண்ண?"

போன வாரம் ஒரு தையல் கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. தையல்காரர் நேரே ஆபீசுக்கு வந்து, அளவெடுத்தாற்போல மேப் அக்காவைத் திட்டிவிட்டுப் போனார். அக்கா இடமாற்றம் கேட்டு மனு எழுதினார்.

"அண்ணே, நல்ல மிஷின் வரலைன்னா நான் மீட்டர் பிரிவுக்குப் போயிடுவேன். அங்க எண்ணை எழுதினோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருக்கலாம்."

மூணு கடை அந்த மனுவை வாங்கி மூன்று தரம் படித்தார். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர் அந்த ஆபீசில் மேப் அக்கா ஒருவர்தான். அவர் போய்விட்டால் ஊர் நீச்சல் பழக வேண்டியதுதான்.

நல்லதாக ஒன்று வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு அந்த ஆபீசைத் தெரியாது. தண்ணீர் ஆபீஸ் அல்லவா, அங்கே எல்லாமே மேலிருந்து கீழேதான் பாயும். எது புதிதாக வந்தாலும் முதலில் அதிகாரி அறைக்குப் போகும். அதிகாரியின் பழையது சூப்பரின்டென்டென்டுக்கு, அவருடையது தலைமை எழுத்தருக்கு. மேப் அக்காவின் மேசையை அடையும்போது, அது மூன்று பேர் மென்று துப்பிய கரும்பாக இருக்கும். அதிகாரி தம் கம்ப்யூட்டரில் மின்னஞ்சல் படிப்பார், மருமகள் அனுப்பும் பேரன் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். அதற்கு அவரிடம், கம்ப்யூட்டரின் மூளை என்று சொல்லும் பிராசஸரில் உயர்ந்த வகையான ஏழாம் எண் இருந்தது. ஆறு வயது ஆகியிருந்தாலும் ஏழு ஏழுதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

மூணு கடை வரைபடத்தைப் பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஊரின் குழாய்கள் மொத்தமும் நெஞ்சுக்கு நேரே இருந்ததால் அன்றைக்குப் பேருந்தில் யாரையும் இடிக்க விடவில்லை.

முதல் கடைக்காரர், "கேம் ஆடவா சார்?" என்று கேட்டார். இரண்டாம் கடைக்காரர் பழைய இருப்பில் இருந்த, அதிகாரியிடம் உள்ள அதே ஏழாம் எண்ணைத் துடைத்து எடுத்து வைத்தார். அதில் வரைபடம் திறக்க இரண்டரை நிமிடம் ஆனதை மூணு கடை கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மூன்றாம் கடைக்காரரிடம் இருந்தது இந்த வருடம் வந்த ஐந்தாம் எண். மெமரியும் மற்றதும் முன் கடையில் இருந்த அதே அளவில் இருக்க வேண்டும், பிராசஸர் மட்டும்தான் மாறலாம் என்று மூணு கடை பிடிவாதம் பிடித்தார். நாற்பது விநாடியில் ஊர் முழுக்கத் திரையில் வந்து நின்றது.

"எப்படிங்க? ஏழைவிட அஞ்சு சின்னதாச்சே?"

"எண்ணைப் பாக்காதீங்க சார், பொறந்த வருஷத்தைப் பாருங்க. அந்த ஏழு, ரிட்டயர் ஆன பயில்வான். மெடல் மாட்டியிருப்பாரு, மாடி ஏறச் சொன்னா மூச்சு வாங்கும்."

மூணு கடை சிரித்தார். ஒரு பொருளை வாங்கிவிட்டுச் சிரித்தது அவர் உத்தியோகத்திலேயே அதுதான் முதல் தடவை.

புதுப் பெட்டி ஆபீசுக்குள் நுழைந்ததும், வழக்கம்போல அதிகாரி அறை வாசலில் நிறுத்தப்பட்டது.

"என்னய்யா, என்ன எண்?"

"அஞ்சு சார்."

"அஞ்சா?" அதிகாரி முகத்தைச் சுளித்தார். "அத எதுக்கு இங்க நிறுத்துறீங்க? அந்தம்மாகிட்டயே கொண்டுபோய் வைங்க."

மூணு கடை பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு, வயதுக்கு மீறிய வேகத்தில் நடந்தார்.

பத்து நாள் நிம்மதியாகப் போனது. பதினோராம் நாள் ஒரு கோப்பைத் தேடி வந்த அதிகாரி, அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டார். கண்ணெதிரே வரைபடம் மளமளவென்று விரிந்தது.

"யோவ், இங்க வாய்யா" என்று மூணு கடையைக் கூப்பிட்டார். "இது அஞ்சுதானே?"

"ஆமா சார்."

"என்னுதைவிட வேகமா இருக்கா?"

மேப் அக்காவின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. 'இல்ல சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூணு கடைக்கு அந்த வார்த்தை தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விட்டது.

"மூணு மடங்குக்கு மேல வேகம் சார்" என்றார்.

அதிகாரி யோசித்தார். திரையைப் பார்த்தார். தம் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சூப்பரின்டென்டென்டுக்கு இது தெரியுமா?" என்றார்.

"தெரியாது சார்."

"தெரியவே வேண்டாம். ஏழை விட்டு அஞ்சுக்கு எறங்கிட்டேன்னு நாளைக்கே பேச ஆரம்பிச்சிடுவாங்க." தேடி வந்த கோப்பையும் மறந்து அவர் போய்விட்டார்.

அக்கா மூச்சு விட்டார். "ஏண்ணே, ஒரு பொய் சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க? என் உசுரே போயிடுச்சு."

"கேட்டா சொல்லித்தானேம்மா ஆகணும்?" என்றார் மூணு கடை, நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "கேக்காத பத்து நாளும் நான் எவ்வளவு சமத்தா இருந்தேன், அதப் பாரு."