வலது கைக்கு ஓர் ஆள்

இன்றைக்கு நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? டேப் மிஸ்ஸை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு எடுக்கிறார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பிள்ளைகளுக்கே யாரென்று தெரியாதாம்.

நாளை அங்கே கண்காட்சி. முன்கூட்டியே நாலு படம் எடுத்து இங்கே போடலாம் என்றுதான் போனேன். வாசலில் வாட்ச்மேன் அண்ணன், "மாடிக்குப் போம்மா. வழியில நிக்கிறவங்ககிட்ட எதுவும் கேக்காதே, பதில் வராது" என்றார். மாடியேறியதும் புரிந்தது. வராந்தா முழுக்கக் கண்ணாடியில் செய்தது போல மனிதர்கள். ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், ஒருவர் சுவரில் சாய்ந்திருக்கிறார். எல்லாமே பார்சல் ஒட்டுகிற டேப். உள்ளே வெறும் காற்று.

செய்வது எளிதுதான். கையில் முதலில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்ற வேண்டும். அதன்மேல் டேப்பைத் துண்டு துண்டாக, நாலைந்து அடுக்கு ஒட்ட வேண்டும். அப்புறம் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி, கையை உருவிக்கொண்டு, வெட்டிய இடத்தை ஒட்டிவிட்டால் கையின் கூடு கிடைத்துவிடும். பிள்ளைகள் ஜோடி ஜோடியாகச் செய்கிறார்கள். ஒருத்தர் அசையாமல் இருக்க, இன்னொருத்தர் சுற்றுவார்.

ஓவிய அறை அலமாரியில் கைகளாக அடுக்கி வைத்திருந்தார் மிஸ். படம் எடுக்கும்போதுதான் கவனித்தேன்.

"ஏன் மிஸ் எல்லாமே இடது கையா இருக்கு?"

"எல்லாம் என் கைதாம்மா. வலது கையால இடது கையைச் சுத்திடலாம். வலது கையைச் சுத்த ஆள் வேணுமே."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போலாகிவிட்டது.

ஜன்னலோரம் ஒரு பெஞ்சு. அதில் ஒரு டேப் பெண் உட்கார்ந்திருந்தாள், வலது கை மட்டும் இல்லை. அது மிஸ்தான். உடம்பு தையல்கடை பொம்மைமேல் எடுத்தது. கால்களும் இடது கையும் அவரே சுற்றிக்கொண்டவை. இத்தனை வருடத்தில் பிள்ளைகளின் உருவம் எத்தனையோ செய்தாயிற்று, தன்னை ஒரு தடவையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இடது கைக் கூட்டைக் கையுறை மாதிரி உள்பக்கம் வெளியே வரத் திருப்பினால் வலது கை ஆகிவிடும் என்று அதையும் முயன்றிருக்கிறார். கசங்கிப்போனதுதான் மிச்சம்.

"பசங்க சுத்த மாட்டாங்களா மிஸ்?"

"ஒரு தடவை சுத்தினாங்க. கையை உடம்போட சேத்து ஒட்டிட்டாங்க. பாதியில மணி அடிச்சுது, அத்தனையும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிடுச்சு. அப்படியே உக்காந்திருந்தேன். பூட்ட வந்த வாட்ச்மேன், 'என்ன மிஸ், எந்த ஊருக்குப் பார்சல்?'ங்கிறார்." சிரித்தார். "ஹெட்மாஸ்டர் காதுக்குப் போச்சு. இனிமே டீச்சரைச் சுத்தக் கூடாதுன்னுட்டார்."

"வீட்ல யாரும்?"

"தம்பி இருந்தான். முதல் தடவையே பிளாஸ்டிக்கை மறந்துட்டு நேரா தோல்லயே ஒட்டிட்டான், பாவி. பிச்சு எடுக்கறதுக்குள்ள கைல ஒரு முடி மிச்சமில்லை. இப்ப குடும்பத்தோட வெளிநாட்ல இருக்கான். நான் வீட்டுக்குப் போய் விளக்குப் போடற நேரம் அவன் வேலைக்குக் கிளம்புவான். போன்ல பேசலாம். கையைச் சுத்த முடியாதே."

கொஞ்ச நேரம் டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமலே கேட்டார். "உனக்கு ஏதும் அவசர வேலை இருக்காம்மா?"

இல்லை என்றேன். இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மடியில் வைக்கிற கை, விரல்கள் விரிந்திருக்க வேண்டும் என்றார். எனக்கோ பழக்கமில்லை. டேப்பை இழுக்கும்போதெல்லாம் அவர் கை கூடவே வந்தது. அதனால் என் இடது கையால் அவர் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒட்டினேன். அவர் விரல்களும் மெல்ல என் கைமேல் மடங்கிக்கொண்டன. உள்ளங்கைப் பக்கம் ஒட்ட என் கையை எடுத்தேன். மடங்கிய விரல்கள் மடங்கியபடியே இருந்தன. அதை நான் கவனிக்கவில்லை. அப்படியே மேலே ஒட்டி முடித்துவிட்டேன்.

வெட்டி எடுத்துப் பெஞ்சுப் பெண்ணின் மடியில் வைத்துப் பார்த்தால் உட்காரவே இல்லை. எதையோ பிடித்துக்கொண்டிருக்கிற கை அது.

"தப்பு பண்ணிட்டேன் மிஸ். வேற சுத்தறேன்."

கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேணாம். இருக்கட்டும்."

தோளோடு பொருத்தி, கையைப் பெஞ்சின்மேல் வைத்தார். பிறகு அந்தப் பெண்ணைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி, வலது பக்கம் ஓர் ஆள் உட்கார இடம் விட்டார்.

சாவியோடு வந்த வாட்ச்மேன் அண்ணன் குனிந்து பார்த்தார். "யாரைப் பிடிச்சிருக்காங்க மிஸ்?"

"இன்னும் வரலை" என்றார் மிஸ்.

படங்களையும் பள்ளி முகவரியையும் கீழே போட்டிருக்கிறேன். நாளை பெஞ்சு பள்ளி வாசலிலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். தயவுசெய்து போங்கள். படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைக்குள் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்துகிறது. மிஸ் எங்காவது ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடமும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.