அம்பாசமுத்திரம் பக்கம் கூடாரம் போட்ட கோடை

கோடை ஊழியத்தில் முதலில் வற்றுவது ஆறு அல்ல, பிரசங்கியின் தொண்டை. வெயிலில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடியும் பேசியும் திரும்பிய சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்திய கோடை அது. அப்போது நான் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். லீவு விட்டதும் எங்கள் சபை வாலிபர் சங்கத்தார் சிலர் மாட்டுவண்டி கட்டிக் கிளம்பினோம். கூட வந்தவர் எங்கள் குருவானவர். ஐயர் என்றுதான் எல்லோரும் அழைப்போம். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், ஆற்றோரத்துக் கிராமம் ஒன்றில் ஒரு மாந்தோப்பில் கூடாரம் அடித்தோம்.

கேட்ட ஒரே ஆள்

முதல் பிரசங்கம் என்னுடையது. ஊர்ப் பொட்டலில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று, கெட்ட குமாரன் கதையை எடுத்துக்கொண்டேன். வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்த பிரசங்கம். ஆனால் குமாரன் தகப்பன் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஜனங்களும் ஒவ்வொருவராய்க் கிளம்பிவிட்டார்கள். ஒரே ஒரு சம்சாரி மட்டும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, என்னையே பார்த்தபடி கடைசிவரை நின்றார். ஒரு ஆத்துமாவாவது கிடைத்ததே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்காகவே இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

முடித்துவிட்டு அவரிடம் போய், ஏதாவது சந்தேகம் உண்டா, கேளுங்கள் என்றேன். அவர் மரியாதையாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "சந்தேகம் ஒண்ணுமில்ல தம்பி. நீங்க சாஞ்சு நிக்க மரத்துலதான் எங்காளையக் கெட்டியிருக்கேன். பேச்சு முடிஞ்சா அவுத்துட்டுப் போலாம்னு நிக்கேன்."

முழங்கால் ஜெபம்

எங்களில் மாசிலாமணி என்று ஒருவன். அவனுடைய தகப்பனார் எங்கள் சபையில் மூப்பர். அவர் வற்புறுத்தித்தான் அவன் வந்தான். வெயில், கொசு, கஞ்சி எல்லாவற்றையும் பற்றி அவனுக்குப் புகார் உண்டு. பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாடச் சொன்னால் மட்டும் தோப்பே நிமிர்ந்து கேட்கும்.

விடிந்ததும் ஆற்றங்கரையில் முழங்காலிட்டு ஜெபிப்பது ஐயர் வைத்த ஒழுங்கு. ஐயருடைய ஜெபம் சக்கரவர்த்தியில் தொடங்கி, சகல தேசங்களையும் சுற்றி, எங்களிடம் வந்து சேர வெகுநேரமாகும். ஒருநாள் எல்லோரும் எழுந்த பிறகும் மாசிலாமணி தலை கவிழ்ந்து முழங்காலிலேயே இருந்தான். ஐயர் மனம் உருகி, இவனைப் பார்த்துப் படியுங்கள் என்று எங்களுக்குச் சொன்னார். அருகில் போனபோதுதான் குறட்டைச் சத்தம் கேட்டது. ஐயர் அவன் தோளைத் தொட்டு எழுப்பினார். அவன் விழித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஐயா, ஆமென் சொல்லிட்டீயளா?"

பிள்ளைவாளின் தர்க்கம்

தோப்புக்குச் சொந்தக்காரர் ஊரிலேயே பெரிய நிலக்காரரான ஒரு சைவப் பிள்ளை. கூடாரம் போட இடம் கொடுத்தார். ஆனால் எங்களைத் தம் வீட்டு வாசற்படி ஏறவிடவில்லை. தினமும் சாயங்காலம் நெற்றி நிறையத் திருநீறோடு தோப்புக்கு வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐயரோடு தர்க்கம் பண்ணுவார். பாவம் எங்கிருந்து வந்தது, முற்பிறப்பு உண்டா இல்லையா என்று இருவரும் விட்டுக்கொடுக்காமல் பேசுவார்கள். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம்.

ஒருநாள் தர்க்கம் சூடாகி, இரண்டு பேருக்கும் முகம் சிவந்துவிட்டது. சமாதானம் ஆகட்டும் என்று மாசிலாமணி தோடியில் ஒரு கீர்த்தனையை மெதுவாக எடுத்தான். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். விரல் தானாகத் தொடையில் தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும் ஐயர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். பிள்ளை கையமர்த்தினார்: "உம்ம சாமி பெருசா, எஞ்சாமி பெருசான்னு நாளைக்குப் பாத்துக்கிடலாம், வே. இன்னைக்கு அந்தப் பையன் இன்னொரு தரம் பாடட்டும்."

திறந்த வீடு

அடுத்த வாரமே ஊருக்குள் வாந்திபேதி வந்துவிட்டது. வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கியது. வேதக்காரங்க வந்ததால்தான் வந்தது என்று சிலர் பேசினார்கள். எங்களைப் பெற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்து, ஐயர் வண்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். நாங்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பிள்ளை வந்தார். அன்றைக்கு நெற்றியில் திருநீறு இல்லை. அவர் மனைவிக்குக் கண்டிருந்தது. சமையல்காரரும் வேலையாட்களும் ஓடிவிட்டார்கள். மருந்து இருந்தால் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார்.

மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாசிலாமணி அவர் பின்னால் நடந்தான். என்னால் சும்மா நிற்க முடியவில்லை, நானும் போனேன். வாசற்படிக்கு வெளியே நாங்கள் நின்றோம். உள்ளே அந்த அம்மாள் முனகுவது கேட்டது. பிள்ளை ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு விலகி வழிவிட்டார். அந்த அம்மாளுக்கு அவன் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினான். துணிகளை அலசினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட வேலைகளையெல்லாம் அவன் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் செய்தான். ஐயரும் வண்டியை அவிழ்த்துவிட்டு, மற்றவர்களோடு வேறு வீடுகளுக்குப் போனார். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். சில வீடுகளில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையின் மனைவி பிழைத்துக்கொண்டார்.

நாங்கள் கிளம்பும் நாளில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். இதைவிட நல்ல வேளை வாய்க்காது என்று ஐயர் வேதாகமத்தைத் திறந்து, தேவ அன்பைப் பற்றித் தொடங்கினார். அந்த அம்மாள் பொறுமையாகக் கொஞ்சம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயா, இந்தத் தம்பி எனக்கு வாந்தியும் பேதியும் அள்ளிப் போட்டாவ. அதுலயே எல்லாம் வெளங்கிட்டு, நீங்க செரமப்படாதீய."

மூப்பரின் கேள்வி

பாளையங்கோட்டையில் ஆராதனை முடிந்ததும் சபையார் எங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஐயர் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். மாசிலாமணியின் தகப்பனார் எழுந்தார். மகன் போய் வந்ததில் அவருக்குப் பெருமைதான். ஆனாலும் மூப்பர் என்ற முறையில் கேட்க வேண்டியதைக் கேட்டார். அந்த ஊரில் எத்தனை பேர் விசுவாசித்தார்கள்?

ஐயர் உள்ளதைச் சொன்னார். ஞானஸ்நானம் பெற்றவர் ஒருவருமில்லை. நான் முள்மேல் உட்கார்ந்ததுபோல நெளிந்தேன். அப்போது பேசத் தெரியாத மாசிலாமணி எழுந்து நின்று, தகப்பனாரைப் பார்த்துச் சொன்னான்: "எங்கள நம்பி வீட்டுக்குள்ள விட்டாவ அப்பா. இப்போதைக்கு அம்புட்டுதான்."

ஊராரின் மனதைத் திருப்பக் கிளம்பிப் போய், நம் மனதைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு வருவதற்குத்தான் கோடை ஊழியம் என்று பெயர்.