ஆய்வுக் கப்பலுக்கு முன்னால் ஒரு வலை

காலை ஐந்து இருபதுக்கு நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினேன். தேங்காய்பட்டணம் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். புதுக்கடையில் காலிப் பாத்திரங்களோடு மீன்காரப் பெண்கள் ஏறியதும் பஸ் நிறைந்துவிட்டது. என் பெட்டியை ஒருத்தி கேட்காமலே மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

நான் போனது, கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் தேடும் ஆய்வுக் கப்பலுக்கு. அழுத்திய காற்றை அது நீருக்குள் வெடிக்கவிடும். ஒலி பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும். கப்பல் பின்னால் இழுத்துவரும் ஆறு கிலோமீட்டர் நீளக் கேபிள்கள் அதைப் பதிவு செய்யும். பதிவில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஐந்து வாரம்.

ஏழு மணிக்குத் துறைமுகத்திலிருந்து காவல் படகில் கிளம்பினோம். கப்பலுக்கு முன்னால் போய், மீன்பிடிப் படகுகளை வழியிலிருந்து விலகச் சொல்லும் படகு அது. வயர்லெஸ்ஸில் பேசுபவர் செய்யது. ஐம்பது வயது, இந்த ஊர்க்காரர்.

"ஸாறே, இந்த ஆப்பத்தத் தின்னுங்க. அலையில ஏறினா பின்ன ஒண்ணும் எறங்காது."

வெடிச் சத்தத்தில் மீன் ஓடிவிடும் என்று ஊரில் பலருக்கும் ஆய்வு பிடிக்கவில்லை. செய்யது இந்த வேலையில் சேர்ந்த அன்றிலிருந்து அவருடைய தம்பி அபு பேசுவதில்லை. எட்டு மாதம். பெருநாளுக்கும் வீட்டுப் படி ஏறவில்லை.

"பின்ன ஏன் சேந்தீங்க?" என்றேன்.

"ஹிந்தியில விலகச் சொன்னா நம்ம ஆளுகளுக்கு மனசிலாவுமா? யாராவது ஒருத்தன் நம்ம பாஷையில சொல்லணும்லா."

பதினொன்றரைக்குக் கப்பல் தூரத்தில் தெரிந்தது. அதன் பாதையில் ஒரு நாட்டுப் படகு. வலை இன்னும் தண்ணீரில். செய்யது படகின் பெயரை இரண்டு முறை படித்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"அபு, காக்காயாக்கும். கப்பல் வருது. வலைய வலிச்சிரு மக்கா."

அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறை பதில் வந்தது.

"வலிக்கிற மெஷின் கேடாயிட்டு காக்கா. கையிலதான் வலிக்கோம். நாலு பேரு."

'காக்கா' என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்காததுபோல நான் திரும்பிக்கொண்டேன்.

கப்பலைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் கேட்டேன். நிறுத்த முடியாது, நின்றால் கேபிள்கள் சிக்கிவிடும் என்றார்கள். வெடிப்பதை நிறுத்திவிட்டு முடிந்தவரை ஒதுங்கிப் போகும்படி கெஞ்சினேன். அந்தப் பகுதியின் பதிவு போய்விடும் என்றார்கள். போகட்டும் என்றேன். அதைச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனாலும் கப்பல் மெல்லத் திரும்பியது.

எங்கள் படகு பக்கத்தில் ஒட்டியதும் செய்யது சட்டையைக் கழற்றிவிட்டுத் தம்பியின் படகில் குதித்தார். நானும் பின்னாலேயே. நைலான் நரம்பு வலை உள்ளங்கையை அறுத்தது. ஒன்றரை மணி நேரம் ஆறு பேரும் இழுத்தோம். சகோதரர் இருவரும் ஒரே தாளத்தில் குனிந்து நிமிர்ந்தார்கள். கடைசி மிதவை ஏறியபோது கப்பல் அரைக் கிலோமீட்டரில் கடந்துபோனது.

அபு தண்ணீர்க் குடத்தை அண்ணனிடம் நீட்டினான். "கை கிழிஞ்சிருக்கு பாரு. இந்த வயசில ஒனக்கு இது வேணுமா?"

"நீ விளிச்சா வராம?"

"நானா விளிச்சேன்? நீல்லா விளிச்ச."

இருவரும் சிரித்தார்கள். அபு என் பக்கம் திரும்பி, "கப்பலு எனக்கு இப்பவும் பிடிக்காது ஸாறே. சொல்லிட்டேன்" என்றான். ஒரு சூரை மீனைப் பையில் கட்டி என்னிடமே கொடுத்தான்.

என் ஊர் மன்னார்குடிப் பக்கம். எங்கள் வயலிலும் ஒருமுறை ஒயர் பதித்து இதே தேடலுக்கு வெடி வைத்தார்கள். கையெழுத்து வாங்க வந்தவர்கள் நாற்றை மிதித்துக்கொண்டு நின்றே பேசினார்கள். அப்பா தலையை ஆட்டியபடி நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தேடலுக்கான படிப்பைத்தான் நான் படித்தேன்.

மூன்று மணிக்குக் கயிற்றேணியில் கப்பல் ஏறினேன். திரையில் அன்றைய பதிவுக் கோட்டின் நடுவே ஒரு நீளமான வெற்றிடம். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில், எரியும் விரலால் தட்டினேன்: 'ஆட்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.'