அடிப்பூச்சில் ஆறு எழுத்து

தேனியில் நான் போகும் ஓவிய வகுப்பில் அக்ரிலிக் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும் என்கிறார்கள். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஒன்பதே முக்கால். இத்தனை அவசரமாகக் காயும் எதையும் நான் நம்புவதில்லை. முதல் பூச்சைத் தண்ணீராகப் பூசிக் காயவிட்டு, அடுத்ததைக் கெட்டியாகப் பூசினால் அடியில் இருப்பது தெரியவே தெரியாது என்கிறார் ஆசிரியை. அதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒன்பது வயதில் வந்த சந்தேகம்.

வடுகபட்டியில் அப்பா புதிதாகப் பூண்டுக்கடை கட்டினார். இடம் அம்மாவுக்குச் சீராக வந்தது. பெயர்ப்பலகை எழுத தேவதானப்பட்டியிலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, வந்தார். மச்சினன் பெயிண்டைக் கடத்திவிடுவான் என்று அப்பாவுக்கு உறுதி.

“ஏலே, உங்க மாமன் மேல ஒரு கண்ணு வச்சுக்க. டப்பா நாலு, எண்ணிக்க.”

நான் டப்பா நாலையும் பிரஷ் ஏழையும் மாமா குடித்த பீடிகளையும் எண்ணினேன்.

“என்ன மருமகனே, பீடிக்குமா கணக்கு?” என்று மாமா சிரித்தார். சிரிக்கிறவரை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

எனாமல் காய ஒரு நாள் ஆகும். முதல் நாள் பலகை முழுக்கச் சிவப்பு. இரண்டாம் நாள் அதன்மேல் வெள்ளையில் ஆறு எழுத்து. அப்பாவின் பெயருக்கு எட்டு வேண்டும். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், அம்மாவின் பெயர். மூன்றாம் நாள் காலை மாமா அதை நீலம் பூசி மறைத்தார். நான் கடைக்குள் ஓடிச் சொல்லிவிட்டேன்.

அப்பா வெளியே வந்து, மரத்தில் பட்டி பூசும் தகட்டால் நீலத்தைச் சுரண்டினார். காயாத நீலம் வழிந்து வந்தது. ஆறு எழுத்தும் வெளியே நின்றன.

“மேல உங்க பேருதான் மச்சான் எழுதப்போறேன். அடியில கெடந்தா எவனுக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமில்ல?” என்றார் அப்பா. உப்புத்தாளை எடுத்துத் தானே தேய்த்தார். ஒரு நாள் காய்ந்த வெள்ளை, லேசில் போகவில்லை. மாமா பிரஷ்களைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார். டப்பா நாலும் அப்படியே இருந்தன.

அம்மா கடைத்தெருவுக்கு வருவதில்லை, எழுத்தும் தெரியாது. சேதி மட்டும் அதற்குள் எட்டியிருந்தது. வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“எம்பேரு எப்படிடா இருந்துச்சு?”

தம்பி எழுத்துப்பிழை விட்டாரா என்று சோதிக்கிறார் என நினைத்தேன். “கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கலம்மா” என்றேன், பெருமையாக.

இன்னும் ஏதோ சொல்வேன் என்பதுபோல அவர் கையை நிறுத்திக்கொண்டு என்னையே பார்த்தார். நான் விளையாடப் போய்விட்டேன்.