பத்து மணிக்குப் போகும் டர்னர்

என் மாமியார் முத்தாத்தாள் பட்டறைக்கு வரும் டிராயிங்கைத் தலைகீழாகத்தான் படிப்பார். மாமா இருந்தவரை மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தே பழகிய கண். மாமா போன பிறகு, கணபதி என்ற எங்கள் பகுதியில் நாலு லேத் ஓடும் அந்தப் பட்டறையைப் பதினெட்டு வருடம் அவர்தான் நடத்தினார். பில், சம்பள நோட்டு என்னுடைய வேலை. போன மாசியில் அத்தையும் போய்விட்டார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் ராசப்பன்தான் ஞாபகம் வருகிறார்.

ராசப்பன் மூன்று வருடம் முன்னால் வேலை கேட்டு வந்தார். ஐ.டி.ஐ.யில் லேத் வேலை படித்த டர்னர். உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்.

"எம்மேல திருட்டுக் கேசு இருக்குங்க."

"எடுத்தியா?" என்றார் அத்தை.

"எடுத்தனுங்க. ஒரு குடோன்ல காப்பர் ஒயரு. அதுக்கு முந்தி ஏழு பட்டறையில வேலை கேட்டனுங்க. எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம்பாங்க. சொன்னா, அப்பறம் சொல்லி உடறம்பாங்க. இப்ப ஜாமீன்ல இருக்கறனுங்க. தெனமும் பத்து மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடோணும். நடு வேலையில எந்திரிச்சுப் போறவன யாருங்க வெச்சுக்குவாங்க?"

"போட்டுட்டு வா. எனக்கு நானூறு புஷ் கடைய ஆளில்லாம நிக்குது."

இரக்கம் பாதி, அவசரம் பாதி. ராசப்பன் போனதும் அத்தை என்னிடம், "இப்பத்திக்கு ஹெல்பர்னு எழுது கண்ணு. கேசு முடியட்டும், டர்னர் சம்பளம் பாத்துக்கலாம்" என்றார். நானும் அப்படியே எழுதினேன்.

கேஸ் விஷயம் மற்றவர்களுக்குத் தெரியாமலிருக்க அத்தை ஒரு யோசனை செய்தார். டீ நேரத்தைப் பத்து மணிக்கு மாற்றி, டீ வாங்கும் தூக்குப்போசியை ராசப்பன் கையில் கொடுத்தார். போகிற வழியில் கையெழுத்து, வருகிற வழியில் டீ. அந்த யோசனையில் அவருக்கு ஒரே பெருமை.

ஸ்டேஷனில் எப்போது கூப்பிடுவார்கள் என்பதற்குக் கணக்கில்லை. சில நாள் பதினொன்றுக்கு ஆறிப்போன டீ வரும். மூத்த டர்னர் பாலுசாமி, அத்தைக்குச் சித்தப்பா மகன், சும்மா இருப்பாரா?

"ஏனுங்க்கா, இவன் குன்னூருக்கே போயி எலை பறிச்சுட்டு வாரானாட்டம் இருக்குது!"

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, அத்தை நீட்டிய போசியை ராசப்பன் வாங்கவில்லை.

"டீக்கு வேற ஆள அனுப்புங்கம்மா."

"ஏனப்பா? உனக்கோசரந்தான இந்த ரோசனையே பண்ணுனேன்?"

"தெரியுதுங்க. எங்கப்பன் ஒரு தோட்டத்துல முப்பது வருசம், டீ வாங்கிட்டு வா, மூட்டைய எறக்குன்னே இருந்தாருங்க. அதுக்கு நான் லேத்து படிக்கலீங்க. திருடுனவன்னு சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும். டீ வாங்கறவன்னு வேண்டாமுங்க." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "நான் கேசுல இருக்கறனுங்க. ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடத்தான் போறேன்" என்றார்.

லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன. இன்றோடு இவர் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். பாலுசாமி சிரித்தார்.

"அட, இதுக்கா இத்தன? கோயில் சண்டையில ஒருத்தன் மண்டைய ஒடச்சுப்போட்டு, நானும் மூணு மாசம் கையெழுத்துப் போட்டவந்தானப்பா!"

"அப்ப உங்களுக்கு யாருங்க வேலை குடுத்தாங்க?"

"இங்கதான். அக்கா ஊட்டுக்காரரு, எங்க மச்சான், பைக்கையே குடுத்து, போயிட்டு வா மாப்ளேம்பாரு."

"ஹெல்பராவுங்களா?"

"ஹெல்பரா? நான் டர்னரப்பா!" என்றவர், சொன்ன வேகத்திலேயே அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

அத்தை போசியை என் மேசைமேல் வைத்தார்.

"கண்ணு, சம்பள நோட்டை எடு. ராசப்பனை டர்னர்னு மாத்து. வந்த நாள்ல இருந்து."

"கேசு இன்னும் முடியலையே அத்தை." சொன்னது நான்தான்.

"பாலுவுக்கு முடிஞ்சுதான்னு உங்க மாமா கேட்டாரா?" நோட்டை அவரே விரித்து என் முன்னால் தள்ளினார். "அன்னிக்கு நானும் கேக்கலை."

ஹெல்பர் என்பதை அடித்துவிட்டு எழுதினேன். ராசப்பன் ஏதோ சொல்ல வந்தார். "மணி பத்தாகுது, கெளம்பு" என்று அத்தை பைக் சாவியை நீட்டினார்.

"அப்ப டீக்கு?" என்றார் பாலுசாமி.

"நீ போ. ஸ்டேஷன் பக்கந்தான கடை? உனக்குத்தான் வழி நல்லாத் தெரியுமே."

பட்டறை முழுக்கச் சிரித்தது. பாலுசாமி முனகிக்கொண்டே போசியை எடுத்தார். வெளியே ராசப்பன் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தார்.

"ஏறுங்கண்ணா, நானும் அந்தப் பக்கந்தானுங்க போறேன்."