அகுஸ்தினா அம்மா மழையைக் காணவில்லை

அகுஸ்தினா அம்மா மெக்சிகோவில் தன் மலையூரில் காலமாகிவிட்டார். செவ்வாய்க்கிழமை கடை திறந்தவுடன் அவருடைய மகள் லூசியா வந்து சொன்னாள். அங்கே மழை இன்னும் தொடங்கவில்லை என்றும் சொன்னாள். எனக்கு அழுகைக்கு முன் பதற்றம்தான் வந்தது. ஏன் என்று, நோர்வேயில் எங்கள் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் அவரை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இங்கே மகள் வீட்டில் இரண்டு குளிர்காலம் இருந்தார். என் கடைக்கு முதலில் வந்தது புகை போடும் பிசின் தேடி. சாம்பிராணியைக் கொடுத்தேன். நெடுநேரம் மோந்துவிட்டு, "எங்கட சாமான் இல்லை, ஆனால் சொந்தக்காரன்தான்" என்றார். அவர் தன் மசாத்தெக் மொழியில் பேசுவதை லூசியா நோர்வேஜியத்தில் சொல்வாள்.

அவர் வைத்தியர். மழைக்காலத்தில் மலையில் முளைக்கும் காளான்களை அவருடைய ஆட்கள் 'பிள்ளைகள்' என்பார்கள். சோடி சோடியாக உண்டு, விடியும்வரை பாடி, நோயின் காரணத்தையும் காணாமற்போனவரின் கதியையும் அவற்றிடம் கேட்பார்கள். இதைக் கேள்விப்பட்ட நாள் முதல் என் மனைவி வதனி அவரை விடவில்லை. அவளுடைய தம்பி வன்னியில் காணாமற்போய் இரண்டு வருடம். அவள் ஒழுங்காக நித்திரை கொண்டும் இரண்டு வருடம்.

இங்கே பக்கத்து எல்லிங்ஸ்ருட் காட்டிலும் காளான் முளைக்கிறதே, பறித்து வரவா என்று கேட்டேன். "அதுகள் வேற ஆக்களின்ர பிள்ளைகள். என்னோடை கதையாதுகள்" என்றார். ஊருக்குப் போய்க் கேட்பதாகச் சொல்லி, வதனியிடம் தம்பியின் பழைய சேர்ட் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

வதனி தேநீர் எடுக்கப் போன நேரம் நான் ஒரு பிழை விட்டேன்.

"என்ன பதில் வந்தாலும் உயிரோட இருக்கிறான் எண்டு சொல்லுங்கோ. என்ன வேணுமெண்டாலும் தாறன்."

லூசியா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். அம்மா சேர்ட்டைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"விலை பேசுறவனுக்குப் பிள்ளைகள் வாய் திறக்காதுகள்."

வதனி கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "இந்த மனுசன் யமனோடையும் பேரம் பேசும், அம்மா. நீங்கள் எனக்காகக் கொண்டுபோங்கோ" என்றாள். அம்மா சிரித்துவிட்டு சேர்ட்டை மறுபடி எடுத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை.

காளான் முளைக்கும் முன்பே அம்மா போய்விட்டதால், மழை விழுந்ததும் ஊரில் வைத்தியம் பார்க்கும் அவருடைய தங்கை கேட்பாராம் என்று லூசியா சொன்னாள். வதனி தினமும் கணினியில் அந்த மலையின் வானிலையைப் பார்க்கிறாள். நான் கடையில் சில்லறையைப் பிழையாகக் கொடுக்கிறேன். எத்தனையோ பேரை மடக்கி வியாபாரம் செய்தவன் நான். எனக்கு ஒரு பொய்யை விற்க மறுத்தவர் இவர் ஒருவர்தான். அந்த மறுப்பே அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

அன்று அம்மா வைத்த நிபந்தனைகளைத் தங்கையும் மாற்றவில்லை. கேட்பதற்கு முன் நாலு நாள், பின் நாலு நாள், நானும் வதனியும் விலகிப் படுக்க வேண்டும். சண்டை கூடாது. காசு கிடையாது. பதில் எதுவானாலும் தொலைபேசியை வதனிதான் எடுக்க வேண்டும்.

ஒப்புக்கொண்டேன்.