கும்மிக்கு இரண்டு கையும் வேண்டும்

வெள்ளித்தூள் வாசனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாசனை என்றுகூடச் சொல்ல முடியாது... நாக்கின் நுனியில் பத்துப்பைசாவை வைத்த மாதிரி ஒரு ருசி. பட்டாசு கம்பெனியில் குழாய்களுக்குள் அந்தத் தூள் கலந்த வெடிமருந்து செலுத்திவிட்டு என் அக்கா சண்முகத்தாய் சாயங்காலம் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினால், தாயில்பட்டித் தெருவே ஒரு நிமிஷம் கையெடுத்துக் கும்பிடும். முகம், கை, புருவம் எல்லாம் வெள்ளி. வெள்ளிக் கவசம் சாத்திய அம்மன் நேராக வந்து, “ஏலே, சோத்துல தண்ணி ஊத்துனியா?” என்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படி.

அப்போது நான் சிவகாசியில் லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் வேலை. அது வயிற்றுக்கு. உலகத்துக்கோ, நான் மாபெரும் புரட்சிப் பாடலாசிரியன்! ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டீச்சரம்மா நடத்திய விழிப்புணர்வுக் கலைக்குழுவில் தப்பும் உறுமியுமாக ஊர் ஊராகப் போவோம். நான் சாத்தூரில் தொண்டையைத் திறந்தால் விருதுநகர் மண்டியில் மிளகாய் மூட்டைகள் தும்மும். ஒருமுறை நான் பாடியதைக் கேட்டு ரயிலே நின்றது. நிற்க வேண்டிய ஸ்டேஷன்தான்... அது கிடக்கட்டும்.

மற்ற ஊருக்கெல்லாம் அது விழிப்புணர்வு. எனக்கு அது அக்கா. அவள் ரூமில் நாலு பேர், நடுவில் மருந்து. கை கொஞ்சம் அவசரப்பட்டு உரசினால் போதும். அதனால் அவளுக்கென்றே கும்மி மெட்டில் ஒன்று கட்டினேன்.

“பையச் செலுத்தடி பாண்டியம்மா - மருந்து
பாம்பாச் சீறும் பாத்துக்கம்மா
வேகம் எதுக்கடி வேலம்மா - வீட்டு
வாசல்ல நிக்கிது புள்ளையம்மா!”

பாட்டு பற்றிக்கொண்டது. ஒரே வாரத்தில் கம்பெனி முழுக்க இதே பாட்டு. நான் பிரஸ்ஸில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன். அக்கா வந்து சொன்னாள்.

“ஏலே தம்பி, ஒம் பாட்டு புண்ணியத்துல இன்னைக்கு ரெண்டு தட்டு மருந்து கூடச் செலுத்திட்டோம்லே!”

“என்னது... கூடவா?”

“பாடிக்கிட்டே செஞ்சா கை பறக்குது. போர்மேன் அண்ணாச்சி இன்னொரு பாட்டு கேட்டாருல்ல. இன்னும் வெரசா இருக்கணுமாம்.”

எனக்குத் தலை சுற்றியது. பையச் செய் என்று எழுதிய பாட்டுக்குப் பறக்கிறார்கள்! வார்த்தை பிரேக் போடுகிறது, மெட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கிறது. சரி என்று ஒப்பாரி மெட்டுக்கு மாற்றினேன். “நாங்க உசுரோட இருக்கையிலேயே மாரடிக்கச் சொல்லுதியாலே?” என்று அக்கா ரூமின் மற்ற மூணு பேரும் வீடு தேடி வந்துவிட்டார்கள். தாலாட்டு மெட்டுக்குப் போனேன். பதினோரு மணிக்கெல்லாம் கொட்டாவி வருகிறதாம். மருந்து ரூமில் கொட்டாவி!

கடைசியில் அக்காதான் தீர்ப்புச் சொன்னாள். “கும்மியே இருக்கட்டும். ஆனா கும்மின்னா கையத் தட்டணும்லா? மருந்துக் கையோட எப்படித் தட்டுறது? கீழ வச்சிட்டு, வெளிய போயித்தான் தட்டணும்.”

அதாவது, யார் மனசுக்காவது சரியில்லை என்று பட்டாலும், மருந்து சுடுகிற மாதிரி தெரிந்தாலும், “கும்மி” என்று ஒரு குரல். எல்லாரும் கையில் இருப்பதை அலுங்காமல் வைத்துவிட்டு வெளியே.

ஒரு சித்திரை வெயில். நான் லேபிள் கட்டுகளோடு கம்பெனிக்குப் போயிருந்தேன். அக்கா ரூமிலிருந்து நாலு பேர் வெளியே வந்தார்கள். வேப்பமரத்தடியில் நின்று தட்டத் தொடங்கினார்கள். சத்தம் கேட்டு அடுத்த ரூம், அதற்கடுத்த ரூம்... கம்பெனியே வெள்ளி முகத்தோடு கும்மியடிக்கிறது. போர்மேன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“ஏத்தா, பொங்கலா கொண்டாடுதீக? ஆர்டர் நிக்கிதுல்ல!”

“மருந்து சுடுற மாதிரி இருக்கு அண்ணாச்சி” என்றாள் அக்கா.

ஒரு மணி நேரம் நின்றார்கள். நானும் நின்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை. ரூம் அப்படியே இருந்தது. ஒரு புகைகூட இல்லை.

“எங்கத்தா? வெடிக்கலயே?”

“வெடிச்சிருந்தா யாருகிட்ட அண்ணாச்சி இப்பிடிக் கேப்பீக?”

அக்காவுக்கு ஒரு வாரம் வேலை இல்லை. என் பாட்டுக்குக் கம்பெனிக்குள் தடை. மகாகவிகளுக்குத்தான் தடை கிடைக்கும் என்பதால் அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால் பாட்டு போன பிறகும் கைதட்டல் மட்டும் நிற்கவில்லை என்று கேள்விப்பட்டபோது... சந்தோஷப்படுவதா, ரோஷப்படுவதா?

அந்தப் பாட்டு யாரையாவது காப்பாற்றியதா? அன்றைக்கு மருந்து நிஜமாகவே சுட்டதா, வெயிலா? இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். வெடிக்காத வெடியை எப்படிக் கணக்கெடுப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

இப்போது பாதுகாப்புப் பாடமெல்லாம் வீடியோவாக போனுக்கே வந்துவிடுகிறது. பின்னால் ஆர்க்கெஸ்ட்ரா வேறு. அதைப் பார்த்து யாராவது எழுந்து வெளியே போகிறார்களா என்று எனக்குத் தெரியாது. போன வாரம் அக்கா வீட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் புகைந்தது. சட்டென்று அடுப்பை அணைத்தாள், கரண்டியைக் கீழே வைத்தாள், முற்றத்துக்கு வந்தாள், இரண்டு தட்டு தட்டினாள். உள்ளே இருந்த மருமகளும் ஒன்றும் கேட்காமல் வெளியே வந்து நின்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “யக்கா, எம் பாட்டு ஞாபகம் இருக்கா?”

“என்ன பாட்டுலே?”

முழுசாகப் பாடிக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டாள்.

“நல்லாத்தாம்லே இருக்கு... யாரு எழுதுனது?”

நான் அவள் கைகளைப் பார்த்தேன். எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்து விரலும் இருந்தன.